ஈச் செய்திக்கு நாங்கள் போட்ட மறுப்பு

"நீங்க எந்தக் கட்சிங்க?" என்பதுதான் முதல் கேள்வி. எந்தக் கட்சியும் இல்லை என்றால் அடுத்தது, "அப்பப் பின்னாடி யாருங்க?" பின்னாடி யாரும் இல்லை, லாபம் பார்க்காத அறக்கட்டளை, படிக்கிறவர்கள் கொடுப்பதில் ஓடுகிறது, விளம்பரம் வாங்குவதில்லை என்று நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பேன். எதிரில் இருப்பவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். "லாபம் இல்லாம எதுக்குங்க இந்தப் பொழப்பு?" என்பார். நல்ல கேள்விதான். எனக்கே பதில் தெரியாத நாட்கள் உண்டு.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் ஒரே ஒரு அறை. எங்கள் செய்தித் தளத்துக்குத் தலைமை அலுவலகம், கிளை அலுவலகம் எல்லாம் அதுதான். கீழே இரும்பு அடிக்கிற சத்தத்தில் போன் பேச முடியாது, பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். ஆட்கள் இரண்டே பேர். நாளிதழ் ஒன்றுக்கு வருஷக்கணக்கில் மாவட்டச் செய்தி அனுப்பிவிட்டு, ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்த நான் ஒருத்தி. கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டே எங்களுக்கும் எடுத்துத் தரும் கூட்டாளி ஒருத்தர். என்னைவிட வயதில் சின்னவர், வாய் மட்டும் பெரிது. என்னை "எடிட்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை கால்வாசி, கிண்டல் முக்கால்வாசி.

நாங்கள் போடுவது உலகச் செய்தி இல்லை. நாளைக்கு எந்தப் பக்கம் கரண்ட் இருக்காது, எந்த வார்டுக்குக் குடிதண்ணீர் திறப்பார்கள், எந்த டவுன் பஸ்ஸை ஊருக்குள் வராமல் திருப்பி விட்டார்கள், ரேஷன் கடையில் பருப்பு வந்ததா. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதை வேறு யாரும் எழுத மாட்டார்கள். பஸ் வராத ஊரில் நிற்கிறவனுக்கு அதுதான் தலைப்புச் செய்தி.

அந்தப் பெண் எங்களுக்கு அறிமுகமானதும் பஸ்ஸால்தான். ராசிபுரம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. புருஷனுக்கும் அதே பண்ணையில்தான், தீவன மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. காலை பஸ் நேரம் மாறியதை நாங்கள் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று ஒருநாள் கூப்பிட்டுத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்க அக்கா" என்றாள். அன்றிலிருந்து அவ்வப்போது குரல்பதிவு அனுப்புவாள். ஒரு மழைக்காலத்தில் வந்த குரல்பதிவு இது: "அக்கா, பஸ்ஸு கதை கெடக்கட்டுங்க. எங்க ஊட்டுக்கு ஒருக்கா வந்து ஒரு வாய் சோறு தின்னு பாருங்க. அப்பறம் எழுதறதா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

நானும் கூட்டாளியும் போனோம். நடுப்பகல். வீட்டுக்குள் நடுக்கூடத்தில் கொசுவலை கட்டியிருந்தது. பகலில் எதற்குக் கொசுவலை என்று கேட்க வாயைத் திறந்தேன், வாய்க்குள் ஈ போய்விட்டது. அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அந்த ஊரில் மழை பெய்தால் பண்ணையில் கோழி எரு நனைந்து, புழு வைத்து, ஊர் முழுக்க ஈயாகப் பரவும். சுவர், கொடியில் காயும் துணி, தூங்குகிற குழந்தையின் கடைவாய், எல்லா இடத்திலும் ஈ. அதனால் ஊரே கொசுவலைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறது. எங்களையும் வலைக்குள் உட்கார வைத்துச் சோறு போட்டாள். புளிக்குழம்பு நன்றாகத்தான் இருந்தது. வெளியே வலை மேல் ஈக்கள் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்க, அதைப் பார்த்துக்கொண்டே எனக்கு விழுங்க முடியவில்லை.

"ஒரு போட்டோ வேணுமே" என்றார் கூட்டாளி. அவள் ஒரு தட்டில் சோறு போட்டு வலைக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, சோறு வெள்ளையா கறுப்பா என்று தெரியாமல் போய்விட்டது.

கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பேரு மட்டும் வெளிய வரக்கூடாதுங்க அக்கா. தெரிஞ்சா எனக்கும் அவருக்கும் ரெண்டு பேருக்குமே வேலை போயிரும். எங்களுக்கு வேற கதி இல்லீங்க." நான் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்த சத்தியம்தான், இதுவரை ஒன்றையும் விட்டதில்லை.

விடாமல் இருக்கத்தான் பார்த்தோம். படத்தில் அவள் முகம் இல்லை. மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தது, அதை அழித்தோம். வளையலை மங்கலாக்கினோம். பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு கடையின் பெயர் இருந்தது, அதையும் மறைத்தோம். வாசலின் நிறத்தைக்கூட மாற்றினார் கூட்டாளி. நான் போனில் பார்த்துவிட்டு, "சபாஷ், பெத்த தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது" என்றேன். என் வாயில் இருந்து வந்த வார்த்தை இது.

செய்தி காலையில் வெளியானது. எங்கள் ஆயுசில் அப்படி ஒன்று ஓடியதில்லை. மத்தியானத்துக்குள் சுகாதாரத் துறை ஜீப் அந்த ஊருக்குள் போய்விட்டது. மருந்து அடிக்கும் மெஷினோடு இரண்டு பேர் தெருத் தெருவாக நடந்தார்கள். மாடியில் நானும் கூட்டாளியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் குதித்தோம். கீழே பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, லாட்டரியா?" என்றார்.

அவள் கூப்பிட்டாள். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன்.

"அக்கா, தட்டுல எம்பேரு இருக்குதுங்களே."

எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். எவர்சில்வர் தட்டின் விளிம்பில், புள்ளி புள்ளியாக, இனிஷியலோடு அவள் பெயர். கல்யாணச் சீருக்கு அவள் அம்மா வாங்கிக் கொடுத்து, கடையிலேயே பேர் வெட்டி வாங்கிய தட்டு. கூட்டாளி சாதாரண ஆளா? மணப்பெண் நகையில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும்படி எடுக்கிறவர். எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது. அந்த ஊர் வாட்ஸப் குழுவில் யாரோ அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

நம்மூரில் பேர் வெட்டாத பாத்திரம் உண்டா? விசேஷ வீட்டுக்கு இரவல் போனால் மாறாமல் திரும்பி வரவேண்டும் என்று கரண்டி வரைக்கும் வெட்டி வைத்திருக்கிறோம். என் வீட்டு டம்ளரில் மாமியார் பேர், சொம்பில் நாத்தனார் பேர். தினமும் கண்ணில் பட்டுப் பட்டு, அது எழுத்து என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. படிக்கிறதும் பார்க்கிறதும்தான் எங்கள் தொழில். தூ என்று என்னை நானே துப்பிக்கொண்டேன். படத்தை உடனே எடுத்தோம். எடுத்து என்ன? ஊர் முழுக்க எல்லார் போனிலும் இருக்கிறது.

மறுநாள் காலை பண்ணை வாசலிலேயே சூப்பர்வைசர் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டார். இனிமேல் வரவேண்டாம். பக்கத்துப் பண்ணைகளுக்குப் போய்க் கேட்டார்கள். அங்கெல்லாம் அதற்கு முன்பே போன் போயிருந்தது. பண்ணையில் வெளிமாநில ஆட்களைக் கொண்டு வரப் போகிறார்கள் என்று வேறு யாரோ கிளப்பிவிட, ஊர்ப் பெண்கள் குழாயடியில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஈ கடிச்சா செத்துப் போயிருவியா நீயி? உன்னால எங்க சோத்துலயும் மண்ணா?" என்று கேட்டார்களாம். அவள் வீட்டுக் கொசுவலைக்குள் குழம்பு வாங்கிச் சாப்பிட்டுப் பழகியவர்கள்தான்.

அடுத்த ஒரு வாரம் நான் நாயாய் அலைந்தேன். தொழிலாளர் அலுவலகத்தில், "வேலைக்குச் சேர்த்த கடிதம் இருக்குதுங்களாம்மா?" என்றார்கள். முட்டை பொறுக்குகிறவளுக்கு எவன் கடிதம் கொடுப்பான்? நோட்டில் கையெழுத்து, அவ்வளவுதான், அந்த நோட்டும் பண்ணையில். தெரிந்த வக்கீல் ஒருத்தர், கேஸ் போடலாம், ஆனால் அது முடிவதற்குள் அவளுக்கு வயதாகிவிடும் என்றார். அவருக்கு அது நகைச்சுவை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் கெஞ்சிப் பார்த்தேன். "நீங்கதானே அந்த ஈ நியூஸு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். தினமும் அவளைக் கூப்பிடுவேன். "பார்த்துக்கலாம் கண்ணு" என்பேன். என்னத்தைப் பார்க்க? அவள் ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பஸ் நேரம் தப்பானதற்கு அந்தத் திட்டு திட்டியவள். ஒரு தடவை திட்டித் தொலைத்திருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பண்ணை முதலாளியையே பார்க்கப் போனேன். கத்துவார் என்று நினைத்துப் போனவளுக்கு நாற்காலி போட்டார். "வாங்கம்மா, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க" என்றார். கொங்கு நாட்டு மரியாதைக்கு என்ன குறைச்சல்? நான் பேசப் பேசப் பொறுமையாகக் கேட்டார். "நாங்களும் மருந்து அடிச்சுட்டுத்தான் இருக்கறமுங்க. இப்பப் பாருங்க, எங்கீங்க இருக்குது ஈ?" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு ஈ வந்து மோர் டம்ளரின் விளிம்பில் உட்கார்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் கையால் விசிறிவிட்டு, பேச்சைத் தொடர்ந்தார்.

இரண்டு பேரையும் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அந்தச் செய்தியை நாங்கள் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, மறுப்பு ஒன்று போட வேண்டும். மறுப்பில், தகவல் கொடுத்தவர் தவறான தகவல் கொடுத்துவிட்டார் என்று இருக்க வேண்டும்.

"பழியை எங்க மேல போட்டுக்கறோங்க" என்றேன். "நாங்க விசாரிக்காம எழுதிட்டோம்னு போடறேன். சொன்னவங்களை விட்டுருங்க."

"அது சரி வராதுங்கம்மா. நீங்க டவுன் ஆளு. சொன்னது எங்க ஊரு ஆளு. சொன்னது தப்புன்னு இருந்தாத்தான் நாளைக்கு இன்னொருத்தர் சொல்ல மாட்டாங்க." குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "அப்பறம் இன்னொண்ணுங்க. நாளப் பின்ன, அந்தச் செய்தி நெசந்தான்னு நீங்க எங்கியாவது சொன்னதா எங்காதுக்கு வந்துச்சுன்னா, அவங்க ரெண்டு பேரும் அன்னைக்கே வெளியங்க."

மாடிக்குத் திரும்பியதும் எனக்கும் கூட்டாளிக்கும் பெரிய சண்டை. முடியாது, நான் பார்த்த ஈயை இல்லை என்று எழுத மாட்டேன், அப்படி எழுதினால் நாளைக்குத் தண்ணீர் வரும் என்று போட்டால்கூட எவன் நம்புவான் என்று நான் கத்தினேன். அவர் அதுவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை. "ஏனுங்க எடிட்டரம்மா, நாம பண்ணுன தப்புக்கு அந்தம்மா வேலையில்லாம நிக்குது. உங்களுக்கு உங்க சைட்டு பெருசா, அந்தம்மா சோறு பெருசா?" என்றார். பட்டறையில் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது. எல்லாரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நான் மொட்டை மாடிக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன்.

முதலாளி சொன்னதைச் சொன்னேன். செய்தியை எடுக்க வேண்டும், மறுப்புப் போட வேண்டும், போட்டால் வேலை உண்டு.

"எடுத்துருங்க அக்கா" என்றாள். யோசிக்கவே இல்லை. "என்னமோ எழுதிக்குங்க. எனக்கு வேலை வேணுங்க."

அப்போது நான் அவளிடம் முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். தகவல் கொடுத்தவர் தவறாகச் சொன்னார் என்று ஒரு வரி வருகிறது, அது நீதான் என்று ஊருக்கே தெரியும், உனக்குச் சம்மதமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அவள் வேண்டாம் என்றால் திரும்ப அலைய வேண்டும், அலைய எனக்குத் தெம்பில்லை. "என்னமோ எழுதிக்குங்க" என்ற அவள் வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன்.

நாலே நாலு வரி. அதை எழுத எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. மூன்று வரி எங்களைப் பற்றி, வருந்துகிறோம், மன்னிக்கவும். நாலாவது வரி அவளைப் பற்றி. பெயர் போடவில்லை. பெயர் போடாமல் இருப்பதில்தான் நாங்கள் கெட்டிக்காரர்களாயிற்றே.

மறுப்பு வெளியான பிறகு வந்த வசவுகளை எழுதினால் இன்னொரு புத்தகம் ஆகும். "எவ்வளவுங்க வாங்குனீங்க?" என்பதுதான் அதில் நாகரிகமானது. மாதா மாதம் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் அறக்கட்டளையில் இருக்கும் ஒருத்தர், தன் பெயரை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், அது போதும் என்று சொல்லிக்கொண்டேன். நிஜமாகவே போனார்கள். அந்த வாரமே எடுத்துக்கொண்டார்கள், முதலாளி சொன்ன சொல் தவறவில்லை.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது. சின்னப் பதிவு. பின்னால் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கறேன். ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க. எல்லாரும் பொய்க்காரி பொய்க்காரின்னு சும்மா கிண்டலுக்குக் கூப்படறாங்க, அது கெடக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். உங்களை ஊட்டுக்குக் கூட்டியாந்து காட்டுனேனுங்களே. நான் பொய் சொன்னேன்னு நீங்களும் நெசமாவே நெனைக்கறீங்களாக்கா?"

போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். கீழே இரும்பு அடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது.

பதில் அனுப்பப் போனேன். நீ பொய் சொல்லவில்லை கண்ணு, நான்தான் சொன்னேன். இவ்வளவுதான் பதில். அனுப்ப முடியவில்லை. ஒரு குரல்பதிவு எந்தெந்தப் போனுக்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியாதா? அதில்தானே என் பிழைப்பே ஓடுகிறது. அவள் புருஷன் கேட்பான், பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள், பொய்க்காரி என்றவர்கள் முகத்தில் அடிக்க அவளே போட்டுக் காட்டுவாள். காட்டத்தானே தோன்றும்? சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும். போன் பண்ணிச் சொல்லவும் பயம். போனிலேயே பேச்சைப் பதிவு செய்கிற காலம் இது. நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வேலை விட்டு வருகிற நேரம் பார்த்து ஸ்கூட்டியில் போனேன். வழி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் வீட்டு வாசலில் இருந்தாள். தனியாக இல்லை. பண்ணையிலிருந்து கூட வந்த பெண்கள் மூன்று பேர் வாசற்படியில் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்கள் திரும்பவும் அவள் வாசலுக்கு வந்து உட்காருகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வண்டியை நிறுத்தினேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

அவள் முந்திக்கொண்டாள். எழுந்து இரண்டு எட்டு முன்னால் வந்து, மற்ற மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, ஆருங்க வேணும் உங்களுக்கு?"

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண் என்னைக் கெஞ்சியது.

"ராசிபுரம் ரோட்டுக்குப் போகோணுங்க" என்றேன். "வழி தப்பி வந்துட்டேன்."

"நேராப் போயி, கோயிலுக்கு அக்கட்டால சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றாள்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.